மார்லிஸ் மாதிரி ஊதக் கூடாது

"நீதான்," என்று படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான் வெர்ன்.

மார்லிஸ் ஹார்னை உதட்டிலிருந்து எடுத்தாள். "நான் இன்னும் ஊதவே ஆரம்பிக்கலையே?"

"ஆரம்பிக்கணுமா என்ன? தொட்டித் தண்ணியில மாடு வாய் வச்ச மாதிரி ஒரு மூச்சு இழுத்தே பாரு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு அதுகூடவா தெரியாது?"

"சரி, மூச்சைக் கணக்குல எடுத்துக்காதே. இப்போ கேளு."

ஊதினாள். முடித்தாள். 

"இப்பவும் நீதான்," என்றான் வெர்ன். "உச்சிச் சுரத்துல பிசிறு தட்டிச்சு. வேற யாராவதா இருந்தா பயந்துபோய் அடக்கி ஊதுவாங்க. நீ மட்டும்தான் அந்தப் பிசிறையும் பாட்டுல எழுதி வச்சிருக்கிற மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவே."

மார்லிஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அவள் மார்லிஸ் மாதிரி ஊதுவதை நிறுத்தியாக வேண்டும்.

கிரானைட் பே நகர ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் ஹார்ன் நாற்காலி மார்லிஸ் ட்வெட்டனுடையது. அந்த நாற்காலிக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, இப்போது அறுபதை எட்டிப் பார்க்கிறாள். ஹார்ன் ஊதுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அத்தனை நீளக் குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், அதில் எந்தச் சுரம் எப்போது வழுக்கும் என்று ஊதுகிறவருக்கே கடைசி நொடி வரை தெரியாது. வழுக்கிவிட்டால் மட்டும் மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவருக்குக்கூடத் தெரிந்துவிடும். நவம்பர் மாதக் கச்சேரியில் அவளுக்கு வழுக்கியது. நன்றாகவே வழுக்கியது.

மறுநாளே புது நடத்துநர் ஜூலியன் பாஸ்கோம் கூப்பிட்டு அனுப்பினான். பஸ் நடத்துநர் இல்லை, குச்சியை ஆட்டுகிற நடத்துநர். ஆளை நடுவழியில் இறக்கிவிடுவதில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது முப்பத்து நான்கு. காபி குடிக்க மாட்டான், ஏதோ பச்சைக் கரைசல் குடிப்பான்.

"மார்லிஸ், உங்களுக்கு நாலாவது நாற்காலி சௌகரியமா இருக்கும்னு தோணுது. தனியா ஊத வேண்டிய இடம் எதுவும் வராது. மன அழுத்தம் இருக்காது."

"யாருக்கு அழுத்தம்? எனக்கா, உனக்கா தம்பி?"

மற்ற எல்லோரும் அவனை மேஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். மார்லிஸுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தம்பி.

"நான் மரியாதையாத்தான் சொல்றேன்."

"நானும் மரியாதையாத்தான் கேக்கறேன். என்னைவிட நல்லா ஊதற ஆள் கிடைப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்? தேர்வு வை. திரை கட்டு. வெளியூர்க்காரங்களோட நானும் ஒரு நம்பர் எடுத்துக்கிட்டு வரேன். எவனாவது என்னை ஜெயிச்சா, இந்த நாற்காலியை நானே தூக்கிட்டு வந்து அவனுக்குப் போடறேன்."

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுப்பது திரை கட்டித்தான். திரைக்கு ஒரு பக்கம் ஐந்து பேர் குழுவும் நடத்துநரும் உட்காருவார்கள். மறுபக்கம் ஊதுகிறவருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். வாயைத் திறந்து பேசக் கூடாது. நடக்கிற சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம்கூட விரித்திருப்பார்கள். குழு ஓட்டுப் போட்டுப் பரிந்துரைக்கும், கடைசி முடிவு நடத்துநரின் கையெழுத்து. ஐந்து ஓட்டும் ஒரே பக்கம் விழுந்துவிட்டால் எந்த நடத்துநருக்கும் மாற்றிக் கையெழுத்துப் போடத் துணிச்சல் வராது என்பது மார்லிஸின் நம்பிக்கை.

ஜூலியன் சிரித்தான். "திரை கட்டி என்ன பிரயோஜனம்? குழுவில இருக்கிற அஞ்சு பேரும் உங்க கையால சமைச்ச ஹாட்டிஷ் சாப்பிட்டவங்க. நீங்க ரெண்டு சுரம் ஊதினதும் உங்களைக் கண்டுபிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு உங்களுக்கே போட்டுடுவாங்க."

அதுதான் அவளைத் தைத்தது. கிழவி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சலுகையில் ஜெயிப்பாள் என்கிறானே.

"அப்போ இதையும் கேட்டுக்கோ தம்பி. அஞ்சு பேர்ல ஒருத்தர் என்னை அடையாளம் கண்டுபிடிச்சாலும் போதும், நான் ஜெயிச்சாலும் போயிடறேன். ஒருத்தருக்கும் தெரியாம ஊதி, அப்படியும் ஜெயிச்சுக் காட்டறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"இந்த ஏரியில ஐஸ் உருகற நாள்கூட வருஷத்துக்கு வருஷம் மாறும். என் பேச்சு மாறாது."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், வாய் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் திரும்பிப் போய் "சும்மா சொன்னேன்" என்று சொல்கிற ரத்தம் அவள் குடும்பத்தில் யாருக்கும் ஓடவில்லை.

முதலில் ஹார்னை மாற்றிப் பார்த்தாள். பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஊதுவார். அவருடைய ஹார்னுக்கு வாய் பெரிது, சத்தம் கனமாக, இருட்டறையிலிருந்து வருவது போல வரும். மார்லிஸின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாதத்துக்கு என்று கெஞ்சி வாங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஊதினால், தாலாட்டு ஒன்று சண்டையாக வெளிவந்தது. பல் டாக்டருக்குக் கட்டைவிரல் வால்வு தலைகீழ் வழக்கமாம். மற்ற ஹார்ன்களில் அதை அழுத்தினால் சுரத்துக்கான குழாய் குட்டையாகும், இதில் நீளும். மார்லிஸின் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தியது, அவ்வளவு சுரமும் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"இதுக்கா இந்த முழி முழிக்கிறே?" என்றான் வெர்ன். "வால்வைத் திருப்பறது ஒரு சின்னக் கயிறுதானே? மாத்திக் கட்டினா ஆச்சு."

வெர்ன் பிறவி மீன்பிடிக்காரன். முடிச்சுப் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தூண்டில் நரம்பை எடுத்து ஐந்து நிமிஷத்தில் கட்டிக் கொடுத்தான். வால்வு வெண்ணெய் மாதிரி சுழன்றது.

அடுத்த சிக்கல் பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே குடியிருப்பது ஆர்டிஸ், ஓபோ வாசிப்பவள், மார்லிஸின் உயிர்த்தோழி, தேர்வுக் குழுவில் ஒருத்தி. புது ஹார்ன் சத்தம் ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தால் அத்தனை ஏற்பாடும் பாழ்.

"ஏரிக்குப் போயிடலாம்," என்றான் வெர்ன்.

பிப்ரவரியில் ஏரி முழுக்க ஐஸ். அதன்மேல் அவனுடைய மீன்பிடிக் கொட்டகை நின்றது. நடுவில் தூண்டில் போட ஐஸில் ஒரு ஓட்டை, ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி. அங்கே உட்கார்ந்து மார்லிஸ் ஊதினாள். குளிரில் பித்தளை சில்லிட்டு சுருதி இறங்கிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் வால்வு உறைந்தது. சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று ஹார்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வால்வு உருகியதோ இல்லையோ, தூண்டில் நரம்பு உருகியது.

"மார்லி, அது நைலான்."

"இப்போ சொல்லு."

வெர்ன் பெரிய மீனுக்கு வைத்திருந்த முறுக்கு நரம்பை எடுத்து, கையுறையைக் கழற்றாமலே மறுபடியும் கட்டினான். இந்தத் தடவை கட்டு பலமாக இருந்தது. ஆனால் பழையபடி தலைகீழாகக் கட்டியிருந்தான். அவிழ்க்கப் பார்த்தார்கள். முடிச்சு அசையவில்லை, கத்திக்கும் மசியவில்லை.

வேறு யாராவது என்றால் அங்கேயே அழுதிருப்பார்கள். மார்லிஸுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இருக்கட்டும். இது என் விரல். நான் சொன்னா கேக்கும். கேக்கலைன்னா வெட்டி அந்த ஓட்டையில போட்டுடறேன்."

விரல் கேட்டது. பத்து நாளில் தலைகீழ் வால்வு பழகிவிட்டது. அதோடு நிறுத்தவில்லை. உதட்டில் வைக்கிற மவுத்பீஸையும் மாற்றினாள். உதடு வீங்கிக் காபிக் கோப்பையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது. மூச்சு இழுக்கும் சத்தத்தை ஒழிக்க வெர்ன் பயிற்சி கொடுத்தான். "மீன் கிட்ட வந்துடுச்சுன்னு நெனச்சுக்கோ. மூச்சு உள்ளே போறது உனக்கே தெரியக் கூடாது." ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சத்தமில்லாமல் மூச்சு விடப் பழகினாள். அந்த வாரம் வெர்னுக்கு என்றும் இல்லாத அளவுக்கு மீன் விழுந்தது.

எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தபோதுதான் ஒத்திகையில் மாட்டிக்கொண்டாள். ஒத்திகைக்குத் தன் சொந்த ஹார்னைத்தானே கொண்டுபோக வேண்டும்? தலைகீழுக்குப் பழகிவிட்ட கட்டைவிரல் நேராக இருக்கும் வால்வைக் கண்டதும் குழம்பியது. எல்லோரும் அமைதியாகி அவள் மட்டும் தனியாக ஊதுகிற இடத்தில், கப்பல் ஒன்று துறைமுகம் தெரியாமல் கத்துவது போல ஒரு சத்தம் எழுந்தது. வயோலாக்காரர்கள் நான்கு பேர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலியன் குச்சியை இறக்கினான்.  ஆதரவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவன் திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் ஆர்டிஸும் பசூன் வாசிக்கும் டுவேனும் ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கோடு வந்துவிட்டார்கள். டுவேனும் குழுவில் ஒருவன். யார் வீட்டிலோ சாவு விழுந்த மாதிரி இரண்டு பேரும் மெல்லிய குரலில் பேசினார்கள்.

"ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள் ஆர்டிஸ்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"உதடு ஏன் இப்படி இருக்கு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

டுவேன் தொண்டையைச் செருமினான். "மார்லி, நாங்க கலந்து பேசிட்டோம். நீ உள்ளே வந்ததும் ஒரு தும்மல் போடு. அவ்வளவுதான். மத்ததை நாங்க அஞ்சு பேரும் பாத்துக்கறோம்."

மார்லிஸ் கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். "தும்மி வாங்கின நாற்காலியில எனக்கு உக்கார வராது டுவேன்."

"வீம்பு பண்ணாதே."

"வீம்புதான். அதை விட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு? ஒழுங்காக் கேட்டுக்கோங்க. நான் யாருன்னு தேடாதீங்க. எவன் நல்லா ஊதறானோ அவனுக்குப் போடுங்க. புரிஞ்சுதா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இங்கே மீன் பிடிக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்து வெர்ன் தலையாட்டுவானே, அந்த மாதிரி.

ஜூலியனோடு போட்ட பந்தயத்தை அவள் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அடையாளம் தெரியாத மாதிரி நடிப்பார்கள். அதுவும் சலுகைதான். அவர்கள் போன பிறகு வெர்ன் கேட்டான், "நெஜமாவே போயிடுவியா மார்லி? ஜெயிச்சும்?"

"போயிடுவேன்."

"போய்?"

 ஹார்ன் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயத்தின் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு தூங்கப் போனாள்.

தேர்வு நாளன்று வெளியூர்களிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். மார்லிஸைச் சேர்த்து எட்டு. லைல் தன் கம்பளித் தொப்பியில் நம்பர்களைப் போட்டு நீட்டினார். லைல்தான் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆட்களைக் கவனிக்கிற மேலாளர். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர அனுமதி உள்ள ஒரே மனிதர் அவர். முடிவு அறிவிக்கிற வரை ஒரு பக்கத்துச் சேதியை மறுபக்கம் சொல்லக் கூடாது என்பதால், அன்று முழுக்க அவர் முகத்தைக் கழுவித் துடைத்துக் காயவைத்த மாதிரி வைத்திருந்தார். மார்லிஸுக்கு மூன்றாம் நம்பர் வந்தது.

கம்பளத்தில் நடந்து போனாள். கால் சத்தம் கேட்கவில்லை. மேடையின் நடுவே கறுப்புத் திரை. அதற்கு அப்பால் ஆர்டிஸ், டுவேன், இன்னும் மூன்று பேர், அப்புறம் அந்தத் தம்பி. அவள் எத்தனையோ தடவை ஊதிய மேடை. இன்று அதில் அவள் பெயர் இல்லை.

மீன் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மூச்சு சத்தமில்லாமல் உள்ளே போனது. ஊதினாள்.

பல் டாக்டரின் ஹார்ன் கனமாகப் பேசியது. கட்டைவிரல் தலைகீழாக ஓடியது. எந்தச் சுரத்திலும் பழைய மார்லிஸ் எட்டிப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் காவல் காத்தாள். காவல் காக்கிற மும்முரத்தில் பயப்பட நேரம் இல்லை. உச்சிச் சுரம் வந்தது. வழக்கமாகப் பிசிறடிக்கிற இடம். பிசிறடித்தால் ஆர்டிஸுக்குத் தெரிந்துவிடும், டுவேனுக்குத் தெரிந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். பிசிறடிக்கவில்லை. சுரம் முழுசாக மேலே போய் அங்கேயே நின்றது. இருபது வருஷத்துக்கு முன்னால்கூட அவள் அப்படி ஊதியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினால் கேட்டுவிடும் என்று அப்படியே வழியவிட்டாள்.

காத்திருக்கும் அறைக்குச் சுவர் மெல்லியது. மற்றவர்கள் ஊதுவது அரைகுறையாகக் கேட்டது. நான்காம் நம்பர் பரவாயில்லை. ஐந்தாம் நம்பருக்கு அவசரம். ஆறாம் நம்பர் ஏதோ இன்சூரன்ஸ்காரனாம், ஃபார்கோவிலிருந்து லாரி மாதிரி ஒரு வண்டியில் வந்திருந்தான். முக்கி முனகி ஊதினான், உச்சியில் வழுக்கினான், வழுக்கியதைப் பற்றிக் கவலையே படவில்லை. 'இவனை எல்லாம் யார் கூப்பிட்டது?' என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

எட்டு பேரும் முடித்தாகிவிட்டது. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி போயிற்று, ஒரு மணி போயிற்று. பிறகு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டுவேன் கத்துகிறான். ஜூலியன் கத்துகிறான். ஆர்டிஸ் மேஜையைத் தட்டுகிறாள். ஆர்டிஸ் தன் கல்யாணத்தில்கூடக் குரலை உயர்த்தியவள் இல்லை.

மார்லிஸுக்கு நெஞ்சு நிறைந்தது. எவ்வளவு ஒளிந்து ஊதினாலும், நல்ல ஊதலை நல்ல காது விட்டுக்கொடுக்காது. அவள் யார் என்று தெரியாமலே அவளுக்காக அந்த ஐந்து பேரும் அவனோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

கடைசியில் கதவு திறந்தது. லைல் வந்தார்.

"மூணாம் நம்பர்," என்றார்.

மார்லிஸ் ஹார்னைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கம்பளத்தை விட்டு இறங்கி வெறும் தரையில் நடந்தாள். குதிகால் ஒவ்வொன்றும் மண்டபம் முழுக்கக் கேட்கட்டும் என்றே ஊன்றி நடந்தாள். லைலுக்காகக் காத்திருக்காமல் திரையைத் தானே பிடித்து ஒரு பக்கமாக இழுத்தாள்.

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.  ஆர்டிஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜூலியனின் முகம் அவன் குடிக்கிற கரைசலின் நிறத்துக்கு வந்திருந்தது.

"என்ன தம்பி," என்றாள் மார்லிஸ், "நாற்காலியைத் தூக்கிட்டு வரவா, இல்ல அங்கேயே உக்காந்துக்கவா? ஒருத்தருக்கும் தெரியாம ஊதறேன்னு சொன்னேன், ஊதிட்டேன். ஜெயிச்சுக் காட்டறேன்னு சொன்னேன், காட்டிட்டேன். நாலாவது நாற்காலி சௌகரியமா இருக்கும்னு சொன்னியே, நீ வேணா போய் உக்காந்து பாரு. அஞ்சு பேர் ஒண்ணா நின்னா எப்படி இருக்கும்னு இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே இந்த ஊர்ல யாரை நகத்தணும்னாலும் முதல்ல அவங்களைக் கேட்டுட்டு வா."

ஜூலியன் குழுவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான். அப்புறம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்த உச்சிச் சுரம் நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"மூக்கு உடைஞ்சா மனுஷன் எவ்வளவு மரியாதையாப் பேசறான் பாரு," என்றாள் மார்லிஸ். பிறகு தோழர்கள் பக்கம் திரும்பினாள்.  "உள்ளே நீங்க போட்ட சண்டையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"போட்டோம் மார்லி," என்றான் டுவேன், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு. "உனக்காகத்தான் போட்டோம்."

ஆர்டிஸ் அழுதுகொண்டே வந்து கட்டிப்பிடித்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லி ஓடினாள். மற்றவர்களுக்கும் திடீரென்று ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்தது. ஒரு நிமிஷத்தில் மண்டபம் காலியாகிவிட்டது.

மார்லிஸ் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். லைல் முட்டிபோட்டுக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா லைல்? இருபத்தெட்டு வருஷத்துச் சிநேகம். நான்தான்னு தெரியாமலே எனக்காக நின்னாங்க."

லைல் கம்பளத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். முடிவுதான் அறிவித்தாகிவிட்டதே, இனி அவர் வாயைத் திறக்கத் தடை இல்லை.

"அஞ்சு பேரும் அந்த ஃபார்கோக்காரனைத்தான் நீங்கன்னு நெனச்சு அவனுக்காக மல்லுக்கு நின்னாங்க, உங்களுக்கு விழுந்த ஒரே ஓட்டு உங்க தம்பி போட்ட கையெழுத்துதான்."